மறுப்பவரின் சொல்லை முதலில் எழுதுதல்: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



படிப்பவரை ஒரு கருத்துக்கு இணங்கவைக்கும் நோக்கத்துடன் எழுதப்படும் உரைநடையை வாத உரைநடை எனலாம்; தலையங்கம், முறையீடு, பொதுக்கூட்டப் பேச்சு, திறந்த மடல் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழ் வகுப்பறையில் இது பெரும்பாலும் இரண்டு துண்டுகளாகப் பிரிந்தே கற்பிக்கப்படுகிறது. அணிகள் இலக்கணப் பாடத்தில் விதியும் எடுத்துக்காட்டுமாக வருகின்றன. கட்டுரையோ முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகத்துக்குள் தரப்பட்ட குறிப்புகளை விரித்தெழுதும் பயிற்சியாக வருகிறது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டிய கேள்வி, அதாவது இந்த வாக்கியம் யாரை நோக்கி, அவருடைய எந்த மறுப்புக்கு விடையாக எழுதப்படுகிறது என்னும் கேள்வி, இரு பாடங்களுக்கும் இடையே நழுவிவிடுகிறது. அதன் விளைவாகவே, தலைப்பு பெண்கல்வியாயினும் மதுவிலக்காயினும் நீர்வளமாயினும், மனப்பாடம் செய்த அதே மேற்கோள்களையும் அதே அடுக்குமொழிகளையும் கொண்டு, எவரும் மறுக்காத ஒன்றை எவரையும் நோக்காமல் உரத்துச் சொல்லும் பழக்கம் மாணவரிடம் படிந்துவிடுகிறது. வினாத்தாளின் அமைப்பும் போட்டி நடுவர்களின் மதிப்பீட்டு முறையும் இப்பழக்கத்துக்கு உரமிடுகின்றன என்பதால், ஆசிரியரை மட்டும் பொறுப்பாளியாக்குவது நேர்மையாகாது. ஆயினும் அதனை மாற்றும் இடத்தில் இருப்பவர் ஆசிரியரே.

அணி, வாதம், தொனி ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள் அல்ல என்பதும், மூன்றும் மறுப்பவரின் சொல்லிலிருந்தே பிறக்கின்றன என்பதும் இம்மடலின் நிலைப்பாடு. இங்குத் தொனி என்பது, எழுதுபவர் தம்மைப் படிப்பவரோடு எந்த உறவில் நிறுத்திக்கொள்கிறார் என்பதைச் சொற்றேர்வும் வாக்கியத்தின் நீளமும் விளிக்கும் முறையும் காட்டித்தரும் விதத்தைக் குறிக்கும். கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சொற்பொழிவுக் கலை பற்றி எழுதிய நூலில், இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பகுத்தார்: பேசுபவரின் நற்பண்பு கேட்பவருக்குப் புலப்படுதல், கேட்பவரின் உணர்வு தூண்டப்படுதல், சொல்லப்படும் காரணங்கள் தம்மளவிலேயே வலுவாக இருத்தல். இவற்றை மூன்று தனிப் பெட்டிகளாக்கி, எந்த வாக்கியம் எந்தப் பெட்டிக்குள் செல்லும் என்று வகைப்படுத்தும் பயிற்சி உலகெங்கும் நடைபெறுகிறது. ஆனால் சிறந்த வாத உரைநடையில் ஒரே வாக்கியம் மூன்று பணிகளையும் ஒருசேரச் செய்வதைக் காணலாம். இதற்குச் சான்றாக, கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1963-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதிய மடலை ஆசிரியர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது பொருத்தமாகும். அதுவும் திறந்த மடலே.

பர்மிங்காம் அன்று கடுமையான இன ஒதுக்கல் நிலவிய நகரம்; கடைகளிலும் உணவகங்களிலும் கறுப்பினத்தவருக்குத் தனி இடம், அல்லது இடமே இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் அங்கு அறப்போராட்டம் தொடங்கியது. ஊர்வலங்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது. தடையை மீறிய கிங், ஏப்ரல் 12 அன்று, புனித வெள்ளியன்று, கைது செய்யப்பட்டார். அந்நாளில் நகரின் வெள்ளையினச் சமயத் தலைவர்கள் எண்மர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று உள்ளூர் நாளேட்டுக்காக வெளியிடப்பட்டது. ஒரு பக்க அளவே உள்ள அந்த அறிக்கை கிங்கின் பெயரைக் குறிப்பிடவில்லை. போராட்டம் ஓரளவு வெளியூராரால் நடத்தப்படுகிறது, அது அறிவுடைமையும் அன்று, காலத்துக்கு ஏற்றதும் அன்று, குறைகளை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்த்துக்கொள்ள வேண்டுமேயன்றித் தெருவில் அல்ல, அமைதியான செயலாயினும் அது வன்முறையைத் தூண்டுகிறது, காவல்துறை நிதானத்துடன் நடந்துகொண்டது என்பனவே அதன் கூற்றுகள். கையொப்பமிட்டோர் இனவெறியர்கள் அல்லர் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு சனவரியில், இன ஒதுக்கலை என்றும் நிலைநிறுத்துவதாக ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பதவியேற்பு உரையில் முழங்கியபோது, நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பணிய வேண்டும் என்று அறிக்கை விடுத்தவர்களுள் இவர்களிற் பெரும்பாலோரும் இருந்தனர். அதாவது கிங்கின் முன் நின்றது கொடியவரின் கூச்சலன்று. நல்லவர் எனத் தம்மைக் கருதிய, ஓரளவு அவ்வாறே இருந்த மனிதர்களின் நிதானமான சொல். மறுப்பதற்கு இதைவிடக் கடினமான எதிர்த்தரப்பு வேறில்லை.

சிறைக்குள் கிடைத்த செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கி, சிறையில் பணிபுரிந்த கைதி ஒருவர் தந்த துண்டுத் தாள்களில் தொடர்ந்து, வழக்கறிஞர்கள் விட்டுச்சென்ற குறிப்பேட்டில் முடிக்கப்பட்ட அம்மடல் ஏப்ரல் 16 என்னும் நாளிடப்பட்டு, ஏறத்தாழ 7,000 சொற்களுக்கு நீண்டது. மாணவர் இதில் முதலில் காண வேண்டியது அதன் எலும்புக்கூட்டை: அறிக்கையின் கூற்றுகளையே கிங் தம் மடலின் பகுதிகளாக அமைத்துக்கொண்டார். ஒவ்வொரு கூற்றையும், அதைச் சொன்னவர் ஏற்கும் வடிவில் எடுத்துரைத்த பிறகே விடை தொடங்குகிறது. எதிர்த்தரப்பு நல்லெண்ணம் உடையது என்றும் அதன் குறைகூறல் உள்ளத்திலிருந்து வந்தது என்றும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளும் அவர், ஆகவே பொறுமையான, காரணத்துக்குக் கட்டுப்பட்ட விடையைத் தர விரும்புவதாகக் கூறுகிறார். இதனை வெறும் நயத்தக்க நாகரிகம் என்று கடந்துபோவது பிழை. பொறுமையை முதல் பத்தியிலேயே வாக்களித்தவர், பின்னர் வரும் 7,000 சொற்களிலும் அவ்வாக்கைக் காக்கக் கடமைப்பட்டவராகிறார்; எதிர்த்தரப்பை நல்லெண்ணம் உடையோர் என்று அழைத்தபின், அவர்களும் அப்பெயருக்குத் தக்கவாறு செவிகொடுக்கக் கடமைப்பட்டவராகிறார்கள். இவ்வாறு தொனி இருபுறமும் கட்டும் ஓர் ஒப்பந்தமாகிறது.

வெளியூரார் என்னும் குற்றச்சாட்டுக்குத் தரப்படும் விடை மூன்று படிகளில் ஏறுகிறது. தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாடு என்னும் தம் அமைப்புக்குப் பர்மிங்காமில் கிளை உண்டு, அக்கிளை அழைத்ததால் வந்ததாகக் கிங் முதலில் சொல்கிறார். இது நடைமுறை விடை. அநீதி இருக்கும் இடத்துக்குச் செல்வது இறைவாக்கினர்களும் தூய பவுலும் செய்த பணி என்பது அடுத்த படி. இது சமயத் தலைவர்களால் எளிதில் தள்ளிவிட முடியாத விடை. ஊர்கள் யாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எந்த அநீதியும் உள்ளூர் அநீதியாக மட்டும் இருக்க முடியாது என்பது மூன்றாம் படி. பின்னாளில் உலகெங்கும் மேற்கோளாகப் பரவியது இந்த மூன்றாம் படியே. ஆனால் அது தனித்துப் பறித்தெடுக்கப்படும்போது உயர்ந்த பொன்மொழியாக மட்டும் நிற்கிறது. அழைப்பின் பேரில் வந்தவர் என்னும் எளிய உண்மையின் மேல் நிற்கும்போதுதான் அதற்கு வாதத்தின் எடை கிடைக்கிறது. மேற்கோள் குறிப்பேடு வைத்திருக்கும் மாணவருக்கு இதனை எடுத்துக்காட்டுவது பெரும் பயன் தரும்.

காத்திருக்க வேண்டும் என்னும் அறிவுரைக்குத் தரப்பட்ட விடையே அம்மடலின் உச்சம், ஆகவே அதில் சற்றே நிலைத்து நிற்பது தகும். புதிய நகராட்சிக்கு அவகாசம் தர வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஏப்ரல் 2 அன்று நடந்த மேயர் தேர்தலில் கடுமையான இன ஒதுக்கல்வாதியான புல் கானர் தோற்று, மென்மையாகப் பேசும் ஆல்பர்ட் பவுட்வெல் வென்றிருந்தார். மென்மையாகப் பேசுபவரும் இன ஒதுக்கலை விரும்புபவரே என்றும், தேர்தலுக்காகவே போராட்டம் முன்பு தள்ளிவைக்கப்பட்டது என்றும், உரிமைக்காகக் கறுப்பினத்தவர் காத்திருந்த காலம் 340 ஆண்டுகளுக்கும் மேல் என்றும் கிங் காரணங்களை அடுக்குகிறார். இவ்வளவும் காரணத்தின் எல்லைக்குள் நிகழ்வது. அதன் பிறகு, 300-க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களில் ஓடும் ஒற்றை வாக்கியம் வருகிறது. கும்பல் கொலைகள், காவலரின் அடி, செல்வம் கொழிக்கும் நாட்டின் நடுவே கறுப்பினத்தவரின் வறுமை, தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளுக்கு விடை சொல்லத் தடுமாறும் தந்தையின் நாக்கு, நெடும்பயணத்தில் எந்த விடுதியும் இடம் தராமல் காருக்குள் கழியும் இரவுகள், முதியவரையும் சிறுவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடும் வழக்கம், மனைவிக்கும் தாய்க்கும் மதிப்பு விளி மறுக்கப்படுதல் என்று, ஒரே தொடக்கச் சொல்லைக் கொண்ட துணைவாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. முதன்மை வாக்கியமோ கடைசியில், மிகச் சிறியதாக வருகிறது. காத்திருப்பது ஏன் அரிதாக உள்ளது என்பது அப்போது விளங்கும் என்பதே அதன் பொருள்.

படிப்பவர் வாக்கியம் முடியக் காத்திருந்து, முடிவு எப்போது வரும் என்று மனத்துக்குள் தவித்து, அத்தவிப்பிலேயே காத்திருப்பின் சுமையைச் சிறிதளவு சுமந்துவிடுகிறார். இவ்வாறு வாக்கியத்தின் வடிவே வாதமாகிறது. முதன்மைக் கருத்தைக் கடைசிவரை நிறுத்திவைக்கும் இவ்வகை வாக்கியத்தை ஆங்கிலத்தில் முயன்று கட்ட வேண்டும். தமிழிலோ பயனிலை இறுதியில் நிற்பதும், வினையெச்சங்களும் பெயரெச்சங்களும் அடுக்கி வருவதும் மொழியின் இயல்பு. அந்த இயல்பு ஒரு செல்வம். குறுவாக்கியமே நல்ல நடை என்று இன்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை பல இடங்களில் சரியே என்றாலும், நீண்ட வாக்கியம் எப்போது தேவை என்பதையும் அதனோடு சேர்த்துக் கற்பிக்காவிட்டால் மாணவர் தம் மொழியின் வலிமையான கருவி ஒன்றைக் கையாளாமலேயே பள்ளியை விட்டு வெளியேறுவர்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். நன்னூல், நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலையும் சேர்க்கிறது. அவ்வாறாயின் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டு தொடங்கும் வாக்கியம் குற்றமுடையதன்றோ? ஒரு சொல் அதே பொருளில் மீண்டும் மீண்டும் வருவதைத் தண்டியலங்கார மரபு சொற்பொருள் பின்வருநிலை என்னும் அணியாகக் கொள்கிறது. குற்றத்தையும் அணியையும் பிரிப்பது, திரும்பி வரும் சொல்லோடு புதிதாக ஒன்று வருகிறதா என்பதே. கிங்கின் வாக்கியத்தில் தொடக்கச் சொல் மாறாதிருக்கையில், அதனைத் தொடர்ந்து வரும் காட்சி ஒவ்வொரு முறையும் வேறு; கொலையில் தொடங்கிய வரிசை, மேலுக்குச் சிறியதாகத் தோன்றும் அன்றாட இழிவுகளை நோக்கி நகர்கிறது. கொலையை எவரும் கண்டிப்பர். மனைவியின் பெயருக்கு முன் மதிப்புச்சொல் இல்லாமையை அந்த எண்மர் ஒருபோதும் இழிவாக எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அறிந்ததிலிருந்து அறியாததற்கு இட்டுச் செல்லும் வரிசை இது. அதே நன்னூல் சுட்டும் சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றம், போகப்போக வலுவிழந்து முடிதல், இங்கு நேராதிருப்பதற்கும் இதுவே காரணம்.

சட்டத்தை மீறுவது தகுமா என்னும் கேள்விக்கு விடை தருகையில் கிங் சான்றோரைத் துணைக்கு அழைக்கும் முறை, மேற்கோள் ஆளும் கலைக்கே ஒரு பாடமாகும். எண்மருள் ஒருவர் கத்தோலிக்கத் துணை ஆயர், ஒருவர் யூத குரு, மற்ற அறுவர் சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்தோர். நேர்மையான சட்டத்தையும் நேர்மையற்ற சட்டத்தையும் வேறுபடுத்தக் கிங் எடுத்த பெயர்கள் அகஸ்டினும் தாமஸ் அக்குவினாசும், யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபரும், சீர்திருத்த மரபின் இறையியலாளர் பால் டில்லிக்கும். அதாவது ஒவ்வொருவரும் தத்தம் மரபில் தலைவணங்கும் ஆசானின் வாயிலாகவே விடை பெறுகின்றனர். சான்றோர் மேற்கோள் எழுதுபவரின் படிப்பைக் காட்டுவதற்கன்று. படிப்பவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஒன்றிலிருந்து தொடங்குவதற்கே. பெயர்களோடு அவர் நின்றுவிடவும் இல்லை: பெரும்பான்மை சிறுபான்மையின்மேல் சுமத்தித் தான் மட்டும் கட்டுப்படாத சட்டம் நேர்மையற்றது என்று கருத்தைத் தரைக்கு இறக்கி, வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் பங்கேற்காத அலபாமா சட்டமன்றத்தைச் சான்றாக்கி, ஊர்வலத்துக்கு உரிமம் கோரும் சட்டம் தன்னளவில் சரியானதாயினும் அமைதியான எதிர்ப்பை ஒடுக்கப் பயன்படும்போது நேர்மையிழக்கிறது என்று தம் வழக்கில் கொண்டுவந்து நிறுத்துகிறார். சட்டத்தை மீறுபவர் வெளிப்படையாகவும் அன்போடும் தண்டனையை ஏற்கும் மனத்தோடும் மீற வேண்டும் என்னும் நிபந்தனையையும் தாமே விதித்துக்கொள்கிறார். எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன்பே தம் கொள்கைக்குத் தாமே எல்லை வகுப்பவரின் சொல்லை நம்புவது எளிதாகிறது.

அமைதியான செயலாயினும் வன்முறைக்குக் காரணமாவதால் அது கண்டிக்கத்தக்கது என்னும் கூற்றுக்கான விடை, தமிழில் அளவையியல் படித்தவருக்கு, அதாவது சரியான காரணம் எது, பிழையான காரணம் எது என்று ஆராயும் துறையை அறிந்தவருக்கு, மிக நெருக்கமானது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் முறைப்படி, நிறுவ வேண்டிய கூற்று பக்கம்; அதற்குரிய காரணம் ஏது; அக்காரணம் செல்லுபடியாவதைக் காட்டும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். காரணம்போலத் தோன்றி நிறுவ இயலாதவற்றை அக்காதை ஏதுப்போலிகள் என வகைப்படுத்துகிறது. அவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவ விரும்பும் பொருளிடத்தும் அதற்கு மாறான பொருளிடத்தும் ஒருசேரக் காணப்படுவதால் எதனையும் முடிவு செய்ய இயலாத காரணம். எண்மரின் வாதத்தை இம்முறையில் அமைத்தால், இப்போராட்டம் கண்டிக்கத்தக்கது என்பது பக்கம், அது பிறரின் வன்முறைக்குக் காரணமாவது ஏது. கிங் செய்தது, அதே ஏது கண்டிக்கத்தகாத இடங்களிலும் இருப்பதைக் காட்டியதே: பணம் வைத்திருந்ததால் கொள்ளையடிக்கப்பட்டவர், உண்மையைத் தேடியதால் நஞ்சுண்ணப் பணிக்கப்பட்ட சாக்ரடீசு, இறைவனுக்குப் பணிந்ததால் சிலுவையில் அறையப்பட்ட இயேசு. மூன்றும் கேள்வி வடிவில் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றாம் கேள்விக்குப் பிறகு கிறித்தவ ஆயர் ஒருவர் தம் ஏதுவைக் காத்துக்கொள்ள வழியில்லை. விடையை எதிர்பாராத வினா என்று மாணவர் குறித்துவைக்கும் அணி இங்கு ஓர் அளவையியல் மறுப்பைச் சுமந்து நிற்கிறது. மறுப்பை நீக்கிவிட்டு வினாவை மட்டும் பின்பற்றினால் எஞ்சுவது ஓசைதான்.

தீவிரவாதி என்னும் பழிக்கு அவர் தந்த விடையில் இரண்டு நகர்வுகள் உள்ளன. முதலில், ஒருபுறம் அடிமைத்தனத்துக்குப் பழகி ஓய்ந்தவர்களும் மறுபுறம் வெள்ளையரை முற்றாக வெறுக்கும் இயக்கத்தினரும் நிற்க, தாம் நடுவே நிற்பதாகச் சொல்லிப் பழியை மறுக்கிறார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது சாதாரணமான தற்காப்பாக முடிந்திருக்கும். பின்னர் அவர் அப்பெயரையே ஏற்றுக்கொண்டு, அன்புக்கான தீவிரத்தில் இயேசுவும், நீதிக்கான தீவிரத்தில் இறைவாக்கினர் ஆமோசும், பவுலும், மார்ட்டின் லூதரும், ஆபிரகாம் லிங்கனும், தாமஸ் ஜெபர்சனும் தீவிரவாதிகளே என்று வரிசைப்படுத்தி, தீவிரம் வேண்டுமா வேண்டாமா என்னும் கேள்வியை எதற்கான தீவிரம் என்னும் கேள்வியாக மாற்றுகிறார். நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகளாக நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதனைக் களைதல். நூற்பாயிரத்தை மனப்பாடப் பகுதியாகக் கடந்துவிடாமல், இவ்வேழையும் வாதம் எழுதுபவரின் கைக்கருவிகளாகக் கற்பித்தால், அணியிலக்கணத்தைக் காட்டிலும் கூடுதலான பயனை அவை மாணவருக்குத் தரும் என்பது இம்மடலின் உறுதியான கருத்து.

தொனி மாறும் இடம் மடலின் நடுப்பகுதியை ஒட்டியே வருகிறது. வெள்ளையின மிதவாதிகள்மீதும் திருச்சபைமீதும் தமக்குள்ள ஏமாற்றத்தைக் கிங் அங்கு வெளியிடுகிறார். வெளிப்படையாகப் பகைப்பவரைக் காட்டிலும், நீதியைவிட ஒழுங்கை நேசிக்கும் நல்லவரே விடுதலைக்குப் பெருந்தடை என்னும் கடுமையான தீர்ப்பு அங்குதான் வருகிறது. இத்தீர்ப்பு மடலின் முதல் பத்தியில் வந்திருந்தால் எண்மரும் அத்தோடு படிப்பதை நிறுத்தியிருப்பர். அவர்களின் கூற்றுகள் பலவற்றுக்கும் பொறுமையாக விடை தந்த பின்னரே அதைச் சொல்லும் உரிமையை அவர் ஈட்டிக்கொள்கிறார். அப்போதும் அவர் தேர்ந்தது சினத்தின் மொழியன்று, ஏமாற்றத்தின் மொழி. ஆழ்ந்த அன்பு இல்லாத இடத்தில் ஆழ்ந்த ஏமாற்றம் இருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அதற்கிடையிலும், ஈஸ்டர் ஞாயிறன்று தம் திருச்சபை வழிபாட்டுக்குக் கறுப்பினத்தவரை வரவேற்ற ஏர்ல் ஸ்டாலிங்சு என்பவரை, அவர் எண்மருள் ஒருவராக இருந்தும், பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். எதிர்த்தரப்பை ஒரே நிறத்தில் தீட்டாத இந்த நேர்மை, மாணவர் மேடைகளில் மிக அரிதாகவே காணக்கிடைக்கிறது. எதிரணியை எள்ளிக் கைதட்டல் பெறுவது எளிது. அக்கைதட்டல் ஏற்கெனவே உடன்பட்டவரிடமிருந்தே வருகிறது என்பதை மாணவருக்கு உணர்த்த வேண்டியிருக்கிறது.

கிங்கின் பொறுமையே எல்லா இடத்துக்கும் உரிய ஒரே தொனி என்று கொள்ளலாகாது. பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலா 1898-ஆம் ஆண்டு சனவரி 13 அன்று பாரிசின் லோரோர் நாளேட்டில் குடியரசுத் தலைவர் பெலிக்சு ஃபோர் என்பவருக்கு எழுதிய திறந்த மடலின் இறுதிப் பகுதியில், குற்றஞ்சாட்டுகிறேன் என்னும் ஒரே வினை மீண்டும் மீண்டும் வருகிறது. அதனைத் தொடர்ந்து பெரும்பாலும் படை அதிகாரிகளின் பெயரோ ஓர் அதிகார அமைப்பின் பெயரோ வருகிறது. அம்மடலின் பின்னணி இது: பிரெஞ்சுப் படையில் இருந்த, யூதரான கேப்டன் ஆல்பிரட் டிரைபசு 1894-இல் பொய்யான உளவுக் குற்றத்தின்பேரில் தண்டிக்கப்பட்டிருந்தார்; உண்மைக் குற்றவாளியான எசுட்டர்அசி, மடல் வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்னர் இராணுவ நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். இராணுவத்தின் மூடிய கதவுக்குள் முடிந்துபோன வழக்கைப் பொது நீதிமன்றத்துக்குக் கொண்டுவர, தம்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட வேண்டும் என்று சோலா வேண்டுமென்றே விரும்பினார். 1881-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தில் எந்தப் பிரிவுகளின்கீழ்த் தம்மைத் தண்டிக்கலாம் என்பதையும் அம்மடலிலேயே எழுதினார். அங்குத் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒரு சட்டச் செயல். பெயர் சொல்லாத நாகரிகம் அங்கு நோக்கத்தையே கெடுத்திருக்கும். கிங் இணங்கவைக்க வேண்டியிருந்தது மனச்சான்றை. சோலா அசைக்க வேண்டியிருந்தது விசாரிக்க மறுத்த ஓர் அமைப்பை. சொல் மீண்டு வருதல் என்னும் ஒரே உத்தி இருவேறு பணிகளை இருவேறு தொனியில் செய்வதை இவ்விரு மடல்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

அந்த எண்மர் மனம் மாறினரா என்று மாணவர் கேட்பர், கேட்க வேண்டும். உடனடியாக மாறவில்லை என்பதே நேர்மையான விடை. பொதுமக்கள் முன் தாம் தவறாகக் காட்டப்பட்டதாக வருந்தியவர்களும் அவர்களுள் உண்டு. கத்தோலிக்கத் துணை ஆயராக இருந்த சோசப் துரிக் பின்னாளில் உரிமைப் போராட்டத்தின் வெளிப்படையான ஆதரவாளரானார். மற்றவர்களைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்ல இயலாது. ஆனால் திறந்த மடலுக்கு எப்போதும் இரண்டு வகைப் படிப்போர் உண்டு: பெயர் குறிக்கப்பட்டோர், அருகிருந்து கேட்போர். 1963 கோடையில் கிறித்தவ இதழ்களிலும் அட்லாண்டிக் இதழிலும் வெளிவந்து, 1964-இல் நூலிலும் இடம்பெற்ற அம்மடல், அருகிருந்து கேட்ட பல இலட்சம் பேரிடம் சென்று சேர்ந்தது. எண்மரிடம் காட்டப்பட்ட மரியாதையையும் பொறுமையையும் கண்டே அந்த மற்றவர்கள் எழுதியவரை நம்பினர். எதிர்வாதியிடம் நேர்மையாக நடந்துகொள்வதால் எதிர்வாதியே மாறாவிடினும், அந்நேர்மை வீணாவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள்முன் வைக்கப்படும் வேண்டுகோள் இதுதான். எண்மரின் அறிக்கை சிறியது. தமிழில் ஆக்கி வகுப்பில் ஒரு பாடவேளையில் படித்துவிடலாம். கிங்கின் மடலைக் காட்டாமல் முதலில் அந்த அறிக்கையை மட்டும் மாணவர்களிடம் தந்து, அதன் கூற்றுகளை, எழுதிய எண்மரே தம் கருத்து இதுவே என ஒப்பும்படி மாணவரின் சொந்த நடையில் எழுதச் செய்யலாம். பின்னர் அவற்றுள் தமக்கு மிகக் கடினமாகத் தோன்றும் ஒன்றைத் தேர்ந்து விடை எழுதச் செய்து, அதன் பின்னரே கிங் அதே கூற்றுக்கு என்ன விடை தந்தார் என்பதை அருகில் வைக்கலாம். உள்ளூர்ச் சிக்கல் ஒன்றில், ஊராட்சித் தீர்மானத்திலோ பள்ளி விதியிலோ, இதே முறையை அடுத்த பருவத்தில் தொடரலாம். மதிப்பிடும்போது, ஒவ்வோர் அணியின் அருகிலும் அது எந்த மறுப்புக்கு விடையாக வந்தது என்று மாணவர் ஓரக்குறிப்பு எழுத வேண்டும் என்னும் விதி ஒன்றே போதும். விடையில்லாத அணிகளை மாணவர் தாமே அடித்துவிடுவர். சில மாணவர்கள் எண்மரின் பக்கமே சரியென்று எழுதக்கூடும். அவர்களைத் திருத்த முற்படாமல், கிங்கின் வாதங்களுள் மிக வலுவானது எதுவோ அதனை முழுமையாக எடுத்துரைத்து அதற்கு விடை எழுதும்படி கேட்டு, மற்றவர்களுக்கு வழங்கிய அதே அளவுகோலில் மதிப்பெண் வழங்க வேண்டும்.